சுவரின் இரண்டு பக்கங்கள்: போர்ட் டால்பட்டுக்கு ஒரு பகல் பயணம்

 

குறைந்த செலவில் ரயிலேறி, ஒரு சின்ன ஊருக்குப் போய், அங்குள்ள தெரு ஓவியங்களைப் படமெடுத்துக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்புவதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்கள். நான் நர்ஸ். இரவுப் பணி முடிந்தால் வாரத்தில் ஒரு பகல் கிடைக்கும். அந்தப் பகல்களில் கேமராவோடு கிளம்பிவிடுவேன். அப்படிப் போன ஊர்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். பிரிட்டனில், தெற்கு வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட். அங்கே ஒரு சுவரில் சில மாதங்கள் மட்டும் இருந்த ஒரு படம், அந்த ஊரின் நூறாண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டது. இன்று அந்தப் படம் அங்கே இல்லை. ஆனாலும் போகலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் டிக்கெட். நான் இருப்பது ரெடிங் பக்கம். லண்டன் பேடிங்டனிலிருந்து ஸ்வான்சீ போகும் ரயில் ரெடிங், நியூபோர்ட், கார்டிஃப், பிரிட்ஜெண்ட் வழியாகப் போர்ட் டால்பட் பார்க்வேயில் நிற்கும். சில வாரங்களுக்கு முன்பே முன்பதிவு டிக்கெட் எடுத்தால் விலை நன்றாகக் குறையும். ரயில்கார்டு இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஒரே டிக்கெட்டாக எடுக்காமல் கார்டிஃப் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று பிரித்தும் விலை பாருங்கள். நீங்கள் ஏறும் ரயில் அந்த நிலையத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன். அங்கே போனபின் டாக்சி தேவையில்லை, எல்லாம் நடை தூரம். ஆக, செலவு டிக்கெட்டும் ஒரு தேநீரும்தான்.

இந்தத் தண்டவாளமே ஒரு வரலாறு. செப்ஸ்டோவிலிருந்து ஸ்வான்சீ வரையிலான தெற்கு வேல்ஸ் ரயில்பாதையை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியாளர் புருனெல். 1850 ஜூனில் அது திறக்கப்பட்டது. ஏழடி அகலத் தண்டவாளம். மற்ற கம்பெனிகளின் பாதைகளோடு பொருந்தாததால் 1872இல் அதைக் குறுக்கினார்கள். செவெர்ன் ஆற்றின் கழிமுகத்துக்கு அடியில் ஏழு கிலோமீட்டர் சுரங்கம் 1886இல் வந்தது. இன்றும் நாம் அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்துதான் வேல்ஸில் வெளியே வருகிறோம்.

வெளியே வந்ததும் வரும் பெரிய நிலையம் நியூபோர்ட். போர்ட் டால்பட்டுக்குப் போகுமுன் இந்த ஊரின் சுவர் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1839 நவம்பர் 4ஆம் தேதி, பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களும் இரும்புத் தொழிலாளர்களும் இந்த ஊரின் வெஸ்ட்கேட் ஹோட்டலை நோக்கி அணிவகுத்து வந்தார்கள். சார்ட்டிஸ்டுகள் என்பது அவர்கள் பெயர். வயதுவந்த எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கெடுப்பு முதலியவை அவர்கள் கோரிக்கைகள். ஹோட்டலுக்குள்ளிருந்து சிப்பாய்கள் சுட்டதில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஃப்ராஸ்ட் முதலிய தலைவர்களுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

1978இல் கென்னத் பட் என்ற ஓவியர் இந்த எழுச்சியை நியூபோர்ட்டின் ஒரு நடைபாதைச் சுவரில் படமாக்கினார். 35 மீட்டர் நீளம். சுமார் இரண்டு லட்சம் ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்த வேலை. 2013 அக்டோபரில், புதிய கடைவளாகம் கட்டுவதற்காக அதை இடித்துவிட்டார்கள். ஊர்மக்கள் தெருவில் இறங்கிப் போராடியும் பலனில்லை. வாக்குரிமை கேட்டவர்களின் படத்தைக் காப்பாற்ற, வாக்குரிமை உள்ளவர்களால் முடியவில்லை. சுவர் இருக்கும்வரைதான் சுவரோவியம். அது யாருடைய சுவர் என்பதில்தான் படத்தின் ஆயுள் இருக்கிறது.

வேல்ஸின் மேற்குக் கடற்கரையில், லான்ரிஸ்டட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர். நம் ரயில் அந்தப் பக்கம் போகாது. ஆனால் இதைச் சொல்லாமல் வேல்ஸ் சுவர்களைப் பற்றிப் பேச முடியாது. இடிந்த கல்வீட்டின் சுவரில் 'கோஃபியூச் டிரவெரின்' என்று எழுதியிருக்கும். டிரவெரினை மறவாதீர் என்று பொருள். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோக 1957இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, 1965இல் டிரவெரின் பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடித்தார்கள். கேப்பல் கெலின் என்ற, வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய கிராமம், பள்ளிக்கூடம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. 1960களில் அந்த வாசகத்தை எழுதியவர் மைக் ஸ்டீஃபன்ஸ். பின்னாளில் வேல்ஸ் இலக்கியத்துக்கே பெரிய தொகுப்பாளரானவர். வெல்ஷ் மொழியில் ஒரு சொல்லின் முதல் எழுத்து அதற்கு முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறும். அவர் முதலில் எழுதியபோது அந்த மாற்றத்தை விட்டுவிட்டார். வல்லினம் மிகுமா மிகாதா என்று நாம் சண்டை போடுவதுபோல, பின்னால் வந்தவர்கள் வண்ணம் பூசும்போது எழுத்தைத் திருத்திவிட்டார்கள். 2019இல் யாரோ அந்தச் சுவரைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் வேல்ஸ் முழுவதும் சுவர்களில் அதே இரண்டு சொற்கள் முளைத்தன. நியூபோர்ட் சுவர் இடிந்தபோது படம் செத்தது. இந்தச் சுவர் இடிந்தபோது வாசகம் பல்கிப் பெருகியது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போர்ட் டால்பட்டில் இறங்குவோம்.

ரயில் நிற்கும் முன்பே ஆலை தெரியும். கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிய தரையில் கிலோமீட்டர் கணக்கில் நீளும் எஃகு ஆலை. இந்த இடத்தில் முதலில் வந்தது மார்கம் மடம். 1147இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவப்பட்டது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு நிலம் தனியார் கைக்குப் போய், பிறகு டால்பட் குடும்பத்துக்கு வந்தது. 1837இல் துறைமுகம் திறந்தபோது அந்தக் குடும்பத்தின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு ஆலை வந்தது. 1951இல் திறந்த மிகப் பெரிய புதிய ஆலைக்குப் பழைய மடத்தின் நினைவாக 'ஆபி வொர்க்ஸ்' என்று பெயர். மடத்து ஆலை! 1960களில் சுமார் 18,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அப்பா, பிள்ளை, மாமன், மச்சான் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போன காலம்.

1966இல் ஊருக்கு மேலே தூண்கள் நட்டு நெடுஞ்சாலை போட்டார்கள். இன்று அது எம்4. அதற்காக வரிசை வரிசையாக வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்தார்கள். படமெடுக்கப் போகிறவர்கள் அந்தத் தூண்களுக்கடியில் கட்டாயம் நடக்க வேண்டும். தலைக்கு மேலே லாரிகள், தோளுக்குப் பக்கத்தில் வீட்டு ஜன்னல்கள்.

இந்த ஊர் நடிகர்களின் ஊரும்கூட. ரிச்சர்ட் பர்ட்டன் பக்கத்துக் கிராமமான பொன்ட்ரிடிஃபெனில் பிறந்தவர். ஆன்டனி ஹாப்கின்ஸ் பிறந்தது மார்கமில். மைக்கேல் ஷீன் இங்கே வளர்ந்தவர். அவர் 2011 ஈஸ்டர் வாரத்தில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, தெருக்களையே மேடையாக்கி, மூன்று நாள் பாஸ்கா நாடகம் நடத்தினார். கடற்கரைச் சாலைச் சந்திப்பில் சிலுவை. நம் ஊர்ப் பங்குகளில் பெரிய வெள்ளியன்று பாஸ்கு போடுவார்களே, அதே சங்கதிதான். ஆனால் இங்கே பாடுபட்டது ஊரும்தான். நெடுஞ்சாலைக்கும் ஆலைக்கும் இழந்த தெருக்கள் அந்த நாடகத்துக்குள் வந்தன.

ஆலை கைமாறிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கும் தொடர்பு இருக்கிறது. 1967இல் நாட்டுடைமை. 1988இல் தனியார்மயம். 1999இல் நெதர்லாந்துக் கம்பெனியோடு சேர்ந்து கோரஸ் ஆனது. 2007இல் சுமார் 620 கோடி பவுனுக்கு டாடா ஸ்டீல் வாங்கியது. ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கம்பெனி, பிரிட்டனின் பழைய எஃகை வாங்கிவிட்டது என்று அன்று நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! வேல்ஸில் அந்தச் செய்தியை வேறுவிதமாகப் படித்திருப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தூசி. இங்கே நான் நர்ஸாகப் பேசுகிறேன். நுரையீரல் நோயாளி வார்டுக்கு வந்தால் புகைப்பிடிப்பீர்களா என்ற கேள்விக்கு அடுத்து, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்போம். நாற்பது வருடம் முன்னால் பார்த்த வேலைகூட நெஞ்சில் தங்கியிருக்கும். நான் கவனித்திருக்கிறேன்: சுரங்கம், உலை என்று பதில் சொல்லும் முதியவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்கள். அந்தப் பெருமையும் இருமலும் சேர்ந்தேதான் வரும். எதை ஃபைலில் எழுதுவது?

தூசி நெஞ்சில் என்ன செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் தெற்கு வேல்ஸும் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நியூமோகோனியோசிஸ் என்ற நோயை ஆராய 1945இல் கார்டிஃபை ஒட்டிய லாண்டோவில் ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த ஆர்ச்சி காக்ரேன், பள்ளத்தாக்குகளில் வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். மருத்துவத்தில் ஆதாரம் வேண்டும் என்றதும் இன்று நாங்கள் தேடுகிற 'காக்ரேன்' தொகுப்புகள் அவர் பெயரைத் தாங்கியவை. நாங்கள் தினமும் சொல்லும் அந்தப் பெயருக்குப் பின்னால் நிலக்கரித் தூசி இருக்கிறது.

போர்ட் டால்பட்டில் ஆலையை ஒட்டிய பகுதி டைபாக். டைபாக், மார்கம் பகுதிகளை 2000இல் காற்றுத்தூசிக்கான கண்காணிப்புப் பகுதியாக அறிவித்தார்கள். ஜன்னல் விளிம்பில் கறுப்புத் தூசி, காயப்போட்ட துணியில் கறுப்புத் தூசி. 2018 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் பிரிட்டனிலேயே நுண்தூசி மிக அதிகமான ஊர் இதுதான் என்றது. பிறகு கணக்கு தவறு என்று திருத்திக்கொண்டது. அந்தத் தலைப்புச் செய்தி தவறாக இருக்கலாம். ஜன்னலைத் துடைத்த துணி கறுப்பாகத்தான் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, டைபாக்கில் ஒரு சந்தில், ஓர் ஆலைத் தொழிலாளியின் கார் கொட்டகைச் சுவரில் ஒரு படம் தோன்றியது. ஒரு குழந்தை. தலையில் கம்பளித் தொப்பி, பக்கத்தில் பனிச்சறுக்கு வண்டி. கைகளை விரித்து, நாக்கை நீட்டி, விழும் பனித்துகளைப் பிடிக்கிறது. நல்ல கிறிஸ்துமஸ் அட்டை. சுவரின் மூலையைத் திரும்பிப் பார்த்தால் அடுத்த பக்கத்தில் ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி எரிகிறது. குழந்தையின் நாக்கில் விழுவது பனியல்ல, அந்த நெருப்பின் சாம்பல்.

சில நாட்களுக்குள் பேங்க்ஸி தன் இன்ஸ்டகிராம் பக்கத்தில் ஒரு காணொளி போட்டு, படம் தன்னுடையது என்று உறுதிசெய்தார். 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்', அதாவது பண்டிகை வாழ்த்துகள் என்று பெயர். காணொளியில் கேமரா குழந்தையைக் காட்டி, நெருப்பைக் காட்டி, மேலே எழும்பும். பின்னால் ஆலை தெரியும். எங்கள் கோயிலில் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். நாமே போய் வரிசையில் நின்று ஏற்றுக்கொள்ளும் சாம்பல் அது. இந்தக் குழந்தை கேட்காத சாம்பல் இது. கேட்காததோடு, பனி என்று நம்பி மகிழவும் செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த மூலை. ஒரு பக்கத்தில் மட்டும் நின்றால் மகிழ்ச்சி, மறுபக்கத்தில் மட்டும் நின்றால் நெருப்பு. இரண்டும் ஒரே படத்துக்குள் வர வேண்டுமானால் மூலைக்கு நேராக நிற்க வேண்டும். அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் அந்த மூலையிலேயே நின்றவர்கள்தான். துணியில் விழுந்த கரியும், அந்தத் துணியை வாங்கிய சம்பளமும் ஒரே புகைபோக்கியிலிருந்து வந்தன.

ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வந்தார்கள். சந்து தாங்கவில்லை. வேலி, காவல், பிளாஸ்டிக் கவசம். பாதுகாப்புச் செலவுக்கு மைக்கேல் ஷீன் உதவினார். 2019 ஜனவரியில், எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ஜான் பிராண்ட்லர் என்ற கலைப்பொருள் வியாபாரி படத்தை வாங்கினார். விலை லட்சம் பவுனுக்கு மேல். படத்தை வாங்குவதென்றால் சுவரை வாங்குவது. மே மாதம் மூலையோடு சேர்த்துச் சுவரை அறுத்து, நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தத் துண்டை லாரியில் ஏற்றி, ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கட்டடத்தில் வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். மூலை இருந்தது. ஆனால் பின்னால் ஆலை இல்லை. தொடர்ந்து ஊரிலேயே வைத்திருக்க ஓர் ஏற்பாடு அமையாமல், 2022 பிப்ரவரியில் படம் ஊரைவிட்டே போனது.

சொந்தக்காரர் விற்றது தப்பா என்று பலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு தொழிலாளி வீட்டுச் சந்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு புதையலையும், அதைக் காவல் காக்கும் சுமையையும் வைத்துவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்?

படம் போன இரண்டரை ஆண்டில் நெருப்பும் போனது. 2024 ஜூலையில் ஓர் ஊதுலையை அணைத்தார்கள். செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி ஊதுலையையும் அணைத்தார்கள். இரும்புத் தாதை உருக்கி எஃகு செய்யும் நூறாண்டுத் தொழில் அந்த ஊரில் அன்றோடு முடிந்தது. பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் உலை ஒன்றை 125 கோடி பவுன் செலவில் கட்டுகிறார்கள். அதில் 50 கோடி அரசுப் பணம். கரியுமிழ்வு பெருமளவு குறையும். ஆனால் அதற்கு ஆட்கள் குறைவாகப் போதும். பிரிட்டன் முழுவதும் சுமார் 2,800 வேலைகள் போகும் என்று கம்பெனி அறிவித்தது; அதில் பெரும்பகுதி போர்ட் டால்பட்டில்.

நான் போனது உலைகள் அணைந்த பிறகு. தேநீர்க் கடையில் என் கேமராவைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த ஒரு பாட்டி, "பேங்க்ஸி இங்கே இல்லையம்மா, தெரியுமா?" என்றார். தெரியும், ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன். நர்ஸ் என்றதும் பேச்சு நீண்டது. கணவர் முப்பது வருடம் ஆலையில் இருந்தவர். "துணியை இப்போது வெளியே காயப்போடுகிறேன். வெள்ளையாகவே வருகிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரன் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போய்விட்டான். அவன் சட்டைகள் இப்போது கொடியில் இல்லை" என்றார். நான் என்ன சொல்வது? அவருடைய ஸ்கோனில் பாதியை எனக்குக் கொடுத்தார். புளிசாதம் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு கொடுத்தேன். புளிப்பு அதிகம் என்றார்.

அப்படியானால், படம் இல்லாத ஊரில் எதைப் படமெடுப்பது? பேங்க்ஸிக்குப் பிறகு வேறு ஓவியர்களும் இந்த ஊர்ச் சுவர்களில் வரைந்திருக்கிறார்கள். நிலையத்திலிருந்து டைபாக் வரை அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். கடைத்தெருவின் பக்கச் சுவர்களையும் ஷட்டர்களையும் சந்துகளையும் பார்த்துக்கொண்டே போங்கள். எனக்குப் பழகிப்போன சில வழக்கங்களைச் சொல்கிறேன். ஓவியத்தை மட்டும் நெருங்கி எடுக்காதீர்கள். இரண்டு அடி பின்னால் நகர்ந்து, பக்கத்து வீட்டையும், மேலே போகும் சாலையையும், தூரத்தில் ஆலையையும் சேர்த்து எடுங்கள். நாளைக்குச் சுவரை அறுத்துக்கொண்டு போனாலும், அது எங்கே எதைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பது உங்கள் படத்தில் இருக்கும். தேதியையும் தெருப் பெயரையும் குறித்துவையுங்கள். நியூபோர்ட் சுவரை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால், அது யாரோ கடந்துபோகும்போது எடுத்துவைத்த படங்களால்தான். பிறகு, அது மனிதர்கள் குடியிருக்கும் தெரு. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். சந்தில் குழந்தைகள் விளையாடினால் அவர்கள் போகும்வரை காத்திருங்கள். ஒரு தேநீரையாவது அந்த ஊர்க் கடையில் குடியுங்கள்.

நம்மில் பலர் ஆலை ஊர்களிலிருந்தும் துறைமுக ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். இப்போது இருக்கும் நாட்டிலும், நம்மில் பலருக்குத் தலைநகரத்தையும் விமான நிலையத்தையும் தமிழ்க் கடைத்தெருவையும் மட்டுமே தெரியும். பக்கத்துச் சின்ன ஊர் எதைச் செய்து பிழைத்தது, எதனால் இருமியது என்று நமக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் என் வார்டில் வந்து படுக்கும்போதுதான் முதன்முதலாக அவர் ஊரின் பெயரைக் கேட்கிறேன். அதற்கு முன்பே ஒரு பகல் செலவழித்து அங்கே போய்வந்திருந்தால், என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு கேட்டிருப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டிக்கெட்டைப் பற்றியும் கேட்கலாம்.